சங்கொலியும் சதுர அலையும்

1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று, ராயபுரத்தில் புதிதாக எழுந்திருந்த நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி புறப்பட்டபோது, அதுநாள் வரையில் கோயில் மணியையும், மாதா கோயில் மணியையும், பள்ளிவாசலின் பாங்கொலியையும், கோட்டைப் பீரங்கியின் முழக்கத்தையும் கொண்டே பொழுதைக் கணித்துவந்த வடசென்னை ஜனங்களின் செவியில், நீராவியின் ஊதல் என்னும் புதியதொரு சப்தம் வந்து விழுந்தது. அன்று தொடங்கி அடுத்த நூறாண்டுகளுக்கு மேலாக, ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் அந்தக் கடற்கரைப் பிரதேசம், யந்திரங்கள் எழுப்பும் ஓசைகளின்படியே விழித்தும், உழைத்தும், உறங்கியும் வந்திருக்கிறது. அந்த ஓசைகளுக்கும், சென்ற நூற்றாண்டின் இறுதியில் அதே தெருக்களின் சிறுவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் குந்தியிருந்து ஆடிய வீடியோ கேம்களின் ஓசைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் நகைக்கக்கூடும். ஆயினும் இரண்டும் பிறக்கும் விதத்தை ஆராய்ந்து பார்ப்போருக்கு அந்த உறவு புலப்படாமற் போகாது.

பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே தோன்றிவிட்டன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை வந்தது. அதே ஊரில் ஒரு சிறு கொட்டகையில் 1946-ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான பலூன் செய்வதில் ஆரம்பித்த தொழில்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1948-இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தரத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் உரிய இடமாயிற்று. அந்த 1955-ஆம் ஆண்டிலேயே திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியாவும் உதயமாயிற்று. ஆலைகள் பெருகப் பெருக அவற்றின் சங்குகளும் பெருகின. ‘மொத சங்கு ஊதிட்டான்’ என்றால் எழுந்து குளிக்க வேண்டும். ‘ரெண்டாஞ் சங்கு’ என்றால் தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கும் பிந்தினால் வாயிற்கதவு சாத்தப்பட்டுவிடும் என்பது அப்பிரதேசத்துக் குடும்பங்களில் குழந்தையும் அறிந்த கணக்கு.

சங்கு என்று ஜனங்கள் அழைத்தாலும், தொடக்கத்தில் அது கொதிகலனின் நீராவியில் ஒலிக்கும் ஊதலாகவே இருந்தது. மின்சாரம் பரவிய பின்னரே சுழல்தட்டுச் சைரன் அதன் இடத்தைப் பிடித்தது. இந்தச் சைரனின் மூல தத்துவத்தை 1819-ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி கான்யார் தெ லா தூர் செய்து காட்டினார். வட்டமான தகடு ஒன்றில் சம இடைவெளியில் துளைகள் இட்டு, அதைச் சுழலவிட்டு, அதன்மேல் காற்றைச் செலுத்தினால், துளை நேர்ப்படும்போது காற்று வெளியேறும். தகடு மறைக்கும்போது அடைபடும். குழாயின் திருகைத் திறந்து மூடுவதுபோன்ற இச்செயல் விநாடிக்குச் சில நூறு தடவை நிகழ்ந்தால், தனித்தனித் துடிப்புக்கள் செவியில் ஒன்றுகூடி ஒரு ஸ்வரமாகிவிடுகின்றன. துளைகளின் எண்ணிக்கையை, விநாடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் கிடைப்பதே அதன் சுருதி. சைரனுக்குத் தெரிந்த வித்தை ‘திற, மூடு’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இத்தனை எளிய ஓசைக்கு எத்தனை பெரிய அதிகாரம் வாய்த்திருந்தது என்பதைத் தொழிலாளர் சரித்திரம் நன்கு காட்டும். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அதில் திரு.வி.க.வும் முன்னின்று உழைத்தார். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்குரிய இடைவேளை போதவில்லை என்பதாகும். அதாவது, ஒரு சங்குக்கும் மறு சங்குக்கும் இடைப்பட்ட நிமிடங்களைப் பற்றியே அந்த வழக்கு. 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை வாரத்துக்கு 60 மணி என வரையறுத்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் நடைபெறும் ஆலைகளுக்கு அதை 54 ஆகவும், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 48 ஆகவும் குறைத்தன. சட்டத்தின் வாசகத்தைப் படித்தறியாத தொழிலாளியும் அதன் பலனைச் சங்கு ஊதும் நேரத்தில் காதால் கேட்டறிந்தான்.

துறைமுகத்தின் பக்கமோ வேறு வகை ஒலிகள். நீராவிக் கப்பல்களும் அவற்றின் பின் வந்த டீசல் கப்பல்களும் ஊதும் குழலோசைக்கு இன்று சர்வதேச விதி உண்டு: 200 மீட்டருக்கும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் குழல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும், 75 மீட்டருக்குக் குறைந்த கப்பலின் குழலோ 250 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும். ஆகையால் பெரிய கப்பல் தாழ்ந்த குரலிலும் சிறிய கப்பல் உயர்ந்த குரலிலும் பேசும். கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டத்திலும் வருவது எத்தகையது என்பதைக் காது சொல்லிவிடும். ஒரு குறுகிய ஊதல் வலப்பக்கம் திரும்புகிறேன் என்றும், இரண்டு இடப்பக்கம் என்றும், மூன்று பின்னோக்கி இயக்குகிறேன் என்றும் பொருள்படும். புத்தாண்டு நள்ளிரவில் துறைமுகத்திலுள்ள கப்பல்கள் யாவும் ஒருமிக்க ஊதும் வழக்கத்தை ராயபுரத்தார் அறிவர். காசிமேட்டில் படகுக்காகக் காத்திருந்தோருக்கு இந்த மொழி முழுதும் பழக்கமானதே.

அச்சத்தின் ஓசையும் அக்கடற்கரைக்குப் புதிதன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுகளால் தாக்கித் தீக்கிரையாக்கியபோது எழுந்த வெடிமுழக்கம் நகரத்தையே நடுங்கச் செய்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசிய பின்னர், சென்னைவாசிகள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். அந்த யுத்த காலத்து விதிப்படி, ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையும் சைரன் ஒலிக்கு ‘ஆபத்து’ என்றும், மாறாமல் ஒரே சுருதியில் நிற்கும் ஒலிக்கு ‘ஆபத்து நீங்கிற்று’ என்றும் அர்த்தம். யந்திரம் ஒன்றுதான், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தால் பயம், தொடர்ந்து கொடுத்தால் அபயம்.

இன்னொரு ஓசையையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்ஜின், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால், விநாடிக்கு எட்டுக்குச் சற்று மேற்பட்ட தடவைகளே வெடிக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ இருபதுக்குக் குறைந்த துடிப்புக்களை நம் செவி ஸ்வரமாகக் கேளாமல் தனித்தனித் தட்டல்களாகவே கேட்கும். புல்லட்டின் புகழ்பெற்ற ‘டப், டப்’ ஓசையும் ஆலைச் சைரனின் நீண்ட ஓலமும் வேகத்தால் மட்டுமே வேறுபட்ட ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பது இதனால் விளங்கும்.

இந்தக் குலத்தின் புதிய வாரிசு துறைமுகத்தின் மதில் ஓரமாகவே நகருக்குள் நுழைந்தது. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964-இல் கடைகளும் வியாபாரங்களும் தேசியமயமாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். எண்ணூரில் இன்றும் பர்மா நகர் என்று வழங்கும் குடியிருப்பு அவர்கள் ஊன்றிய இடங்களுள் ஒன்று. 1969-இல் அவர்களது ஜீவனத்துக்காக ராஜாஜி சாலையின் நடைபாதையோரம் வரிசையாகச் சிறு கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுவே பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமான்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் கைக்கடிகாரம், டேப் ரிக்கார்டர், வாசனைத் திரவியம் ஆகியவற்றோடு, எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் தொலைக்காட்சியில் பூட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டிகளும் அக்கடைகளில் தொங்கின. ஜப்பானில் 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி வெளியான பாமிகாம் என்னும் சாதனத்தின் நகல்களே அவற்றுட் பெரும்பாலானவை. பெட்டி வாங்க வசதியில்லாத சிறுவர்கள், வாங்கி வைத்திருந்தவரின் கடையில் அரைமணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, ‘டாங்க்’ என்று தாங்கள் பெயரிட்டுக்கொண்ட பேட்டில் சிட்டியையும், மாரியோவையும், கான்ட்ராவையும் ஆடினர். உலகத்து ஆர்க்கேடுகளின் நாதம் வடசென்னைச் சந்துகளுக்கு அந்த மஞ்சள் நிறக் கேசட்டுக்களின் வழியே வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒலிச் சிப்பின் சம்பத்து மிகச் சொற்பம். ‘திற, மூடு’ என்று மட்டும் அறிந்த சதுர அலைகள் இரண்டு. ஏறி இறங்கும் முக்கோண அலை ஒன்று. ஒழுங்கற்ற இரைச்சல் எழுப்பும் வாய்க்கால் ஒன்று. பதிவுசெய்த சிறு ஒலித்துண்டை வாசிக்கும் வாய்க்கால் ஒன்று: ஆக ஐந்து. இதன் முன்னோர்களின் நிலை இதனினும் ஏழ்மை. 1972-இல் அமெரிக்காவில் பாங் விளையாட்டை அமைத்த ஆல் ஆல்கார்ன், ஜனக்கூட்டத்தின் ஆரவாரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டும், திரையை இயக்கும் மின்சுற்றிலேயே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த துடிப்புக்களைத் தேடியெடுத்து, பந்து மட்டையில் படும் ஓசையாக்கிவிட்டார். 1978-இல் தொமொஹிரோ நிஷிகாதோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் தாழ்ந்த நான்கு ஸ்வரங்கள் மட்டுமே மீண்டும் மீண்டும் வந்தன. பகைவர்கள் குறையக் குறைய அவற்றின் நடை துரிதமாகி ஆடுவோன் நெஞ்சைப் படபடக்கச் செய்தது. 1980-இல் வந்த பேக்-மேனிலோ பின்னணியில் சைரன் ஒன்று ஏறியும் இறங்கியும் ஓயாது ஒலிக்கும். புள்ளிகள் தீரத் தீர அதன் சுருதி உயரும். ஆலைச் சங்கின் வித்தையை அந்த விளையாட்டு அறிந்தே கையாண்டதா என்பது வேறு விஷயம். அவசரத்தை அறிவிக்க மனிதன் கண்ட வழி இரண்டிடத்திலும் ஒன்றாயிருக்கிறது.

ஆகவே இந்த ஓசைகளை மீண்டும் படைக்க விரும்புவோருக்குப் பழைய யந்திரம் வேண்டியதில்லை. விதி தெரிந்தால் போதும். மாரியோ நாணயம் எடுக்கும் ஓசையைப் பாருங்கள்: சதுர அலையில் 988 ஹெர்ட்ஸ் ஒரு கணம் தொட்டு, உடனே 1,319 ஹெர்ட்ஸுக்குத் தாவி, அங்கேயே மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. நம் சங்கீத பரிபாஷையில் சொன்னால், ஷட்ஜத்தைத் தீண்டிச் சுத்த மத்திமத்தில் நிற்பது, அவ்வளவே. துப்பாக்கி சுடும் ஓசைக்கு ஒரு சதுர அலையை உச்ச ஸ்தாயியில் தொடங்கி, கால் விநாடிக்குள் கீழே வழுக்கிவிட வேண்டும். துள்ளிக் குதிப்பதற்கு அதையே தலைகீழாக்க வேண்டும். வெடியோசைக்கு ஸ்வரம் ஆகாது. பூஜ்யமும் ஒன்றும் முறையின்றி வருவதுபோல் தோன்றும் ஒரு வரிசை வேண்டும். பாமிகாமின் சிப் இதற்கு 15 இலக்கங்கள் கொண்ட ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு இலக்கங்களை ஒப்பிட்டு, ஒன்றானால் பூஜ்யத்தையும் வேறானால் ஒன்றையும் முன்னே நுழைத்து, மற்றவற்றை ஓரிடம் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த இரைச்சலைப் பலமாக எழுப்பிப் படிப்படியாகத் தணித்தால் பீரங்கி. தணிக்காமல் மெல்லியதாக ஏற்றி இறக்கினால் கடலலை.

இதே முறையில் வடசென்னையின் சங்கையும் எழுப்பலாம். பத்துத் துளையும் பன்னிரண்டு துளையுமாக இரு வரிசை கொண்ட சைரன் விநாடிக்கு 48 சுற்றில் சுழல்வதாகக் கொள்வோம்: 480, 576 ஹெர்ட்ஸ் என இரு ஸ்வரங்கள் பிறக்கும், அவற்றின் விகிதம் ஐந்துக்கு ஆறு, அதாவது ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும். அந்தக் கூட்டொலியில் ஒரு சோகம் தொனிப்பதற்கு இதுவே காரணம். இரு சதுர அலைகளை இவ்விகிதத்தில் இணைத்து, மோட்டார் வேகம் பிடிப்பதுபோல் சில விநாடிகளில் சுருதியை ஏற்றி, நிறுத்தி, பின் மின்சாரம் நின்றும் கனத்த தட்டு தன் போக்கில் சுழன்று ஓய்வதுபோல் ஏறியதைவிட மிக நிதானமாக இறக்க வேண்டும். ஆலை வாயிலில் நின்று கேட்டது வேண்டுமானால் அப்படியே விடலாம். தண்டையார்பேட்டைத் திண்ணையில் கேட்டது வேண்டுமானால், தூரத்துக் காற்று கூர்மையான மேல் ஒலிகளை விழுங்கிவிடும் ஆதலால், அவற்றை வடிகட்டிவிட வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தவர் அந்தச் சங்கை ஏறக்குறைய ஆறு விநாடி தாமதமாகவே கேட்டார் என்பதையும் மறவாதிருக்கலாம்.

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஆலைகளிலும் கைக்கடிகாரமும் கைப்பேசியும் வந்த பின் சங்குக்கு வேலை குறைந்தது. இப்படி மறையும் ஓசைகளைக் காப்பதென்றால் ஒலிப்பதிவு செய்வதையே நாம் நினைக்கிறோம். பதிவு என்பதோ ஒரு நாள், ஓரிடத்தில், ஒருவர் காதில் விழுந்ததன் பிரதி மட்டுமே. விதியை எழுதி வைத்தால், எந்த நாளிலும் எந்தத் தெருவுக்கும் உரிய ஓசையை அதிலிருந்து மீட்கலாம். ஆர்க்கேடு யந்திரங்கள் துருப்பிடித்த பின்னும் அவற்றின் நாதம் அழியாதிருப்பது, அவற்றின் விதிகளைத் தேடி எழுதி வைத்த ஆர்வலர்களால்தான். நம் சங்குகளுக்கு அந்த உபகாரம் செய்ய, தட்டில் எத்தனை துளை, மோட்டாருக்கு எத்தனை சுற்று, ஏற எத்தனை விநாடி, இறங்க எத்தனை விநாடி, எந்தெந்த வேளையில் எத்தனை முறை என்ற ஐந்து விவரங்கள் போதும். அவற்றை அறிந்த எலக்ட்ரீஷியன்களும் ஃபிட்டர்களும் ஓய்வுபெற்றுத் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் அவர்களிடம் கூலி உயர்வையும் கதவடைப்பையும் பற்றிக் கேட்கும்போது, சங்கின் துளைகளையும் எண்ணிச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.