ஏலக்காய் ஏலமும் ஒரு துண்டும்

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுவார்கள். அச்சுப்பிழை இல்லை. முதல் ஏலம், போடிமெட்டுக்கு மேலே மலையில் விளைகிற காய். இரண்டாவது, அதற்கு விலை வைக்கிற கூத்து. தமிழில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான். போடிக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது!

2007-ல் ஸ்பைசஸ் போர்டு அங்கே கம்ப்யூட்டர் ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டி, பச்சை நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, பட்டனைத் தட்ட வேண்டியது. திரையில் விலை ஏறும். கடைசியாகத் தட்டியவருக்குச் சரக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு ஒருத்தர் எடுத்துவிட்டார் என்று வையுங்கள். அவர் மனசில் இருந்தது ஆயிரம்தானா? இல்லை, ஆயிரத்து இருநூறு வரை போகத் தயாராக இருந்தாரா? யாருக்கும் தெரியாது. போட்டிக்கு இருந்தவர் ஒதுங்கியதும் ஏலம் நின்றுவிடும். ஜெயித்தவரின் உச்சவரம்பு அவரோடு வீட்டுக்குப் போய்விடும். பி.காம். புத்தகத்தில் லாப நஷ்டக் கணக்கு பக்கம் பக்கமாக உண்டு. இந்த ரகசியத்தை எழுத ஒரு பத்தி கிடையாது. ஆனால், வியாபாரியின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது.

நம்மூர் மாட்டுச் சந்தைக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டு விழும். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை வெளியே வராது.

ஆனால், துண்டுக்கும் ஒரு எல்லை உண்டு. எதிராளிக்குத் தொகையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அவருக்குக்கூடச் சொல்லாமல் பேரம் முடிக்க முடியுமா?

1982-ல் ஆண்ட்ரூ யாவ் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஏறக்குறைய இதையேதான் கேட்டார். இரண்டு கோடீஸ்வரர்கள். யார் பெரிய பணக்காரர் என்று தெரிய வேண்டும். சொத்து எவ்வளவு என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. முடியும் என்று காட்டினார் யாவ். வேடிக்கைக் கணக்காகத் தெரிந்த இதைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ஐவன் டாம்கார்ட். ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்துக்காரர்.

சாதாரண ஆசாமி இல்லை. 1989-ல் ரால்ஃப் மெர்க்கிளும் இவரும் தனித்தனியாக எழுதிய ஒரு கட்டுமானம்தான், பின்னால் வந்த எம்.டி.5, எஸ்.ஹெச்.ஏ.256 போன்ற 'கைரேகை' முறைகளின் எலும்புக்கூடு. பிட்காயின்கூட இதன்மேல்தான் நிற்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1988-ல், டேவிட் சாம், குளோட் கிரெப்போ ஆகியோரோடு சேர்ந்து இன்னொன்று செய்தார். ஒரு கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அயோக்கியர்கள் என்றால், யாருடைய ரகசியமும் கசியாமல் எந்தக் கணக்கையும் கூட்டாகப் போட்டு முடிக்கலாம் என்று நிரூபித்தார்கள். அதே மாநாட்டில் வேறொரு குழுவும் இதே முடிவோடு வந்து நின்றது.

நிரூபித்தாயிற்று. யார் பயன்படுத்துவது? இருபது வருடம் இது பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. கடைசியில் கூப்பிட்டவர்கள் விவசாயிகள்!

டென்மார்க்கில் சர்க்கரைக்கு பீட் கிழங்கு. அதை வாங்கி ஆலையில் போட அப்போது இருந்தது ஒரே ஒரு கம்பெனி, டேனிஸ்கோ. ஐரோப்பிய யூனியன் சர்க்கரைக்கான ஆதரவைக் குறைத்ததும், சிலருக்கு பீட் கட்டுப்படியாகவில்லை. தங்கள் ஒப்பந்த உரிமையை மற்ற விவசாயிகளுக்கு விற்றுவிடப் பார்த்தார்கள். விலையை ஏலத்தில் முடிவு செய்யலாம். ஆனால் அந்த ஏலத்தில், 'இந்த விலை என்றால் இத்தனை டன் விற்பேன், அந்த விலை என்றால் இத்தனை டன் வாங்குவேன்' என்று ஒவ்வொருவரும் முழுப் பட்டியலே தர வேண்டும். போடி வியாபாரி வீட்டுக்கு எடுத்துப்போகிற ரகசியத்தை இங்கே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அது டேனிஸ்கோ கையில் சிக்கினால்? யார் நொடித்துப்போயிருக்கிறார், யார் எவ்வளவு அடிமாட்டு விலைக்கும் இறங்குவார் என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அடுத்த வருட ஒப்பந்தத்தில் கழுத்தை நெரிக்கலாம். பதில் சொன்ன விவசாயிகளில் ஏறக்குறைய ஐந்துக்கு நான்கு பேர், ரகசியம் முக்கியம் என்றார்களாம்.

2008 ஜனவரியில் ஏலம் நடந்தது. டாம்கார்டும் சகாக்களும் செய்த வழியின் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன். நீங்கள் 40 டன் விற்கிறீர்கள். அதை 17, 90, மைனஸ் 67 என்று மூன்றாக உடைத்து, மூன்று ஆபீஸுக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தன் 25 டன்னை மைனஸ் 30, 5, 50 என்று உடைக்கிறார். ஒவ்வொரு ஆபீஸும் தன்னிடம் வந்ததை மட்டும் கூட்டுகிறது: மைனஸ் 13, 95, மைனஸ் 17. இந்த மூன்றையும் சேர்த்தால் 65. மொத்தம் சரி! உங்கள் 40-ஐ மட்டும் எந்த ஆபீஸும் பார்க்கவில்லை.

அந்த மூன்று இடங்கள் எவை என்பதில்தான் நிஜமான சாமர்த்தியம். ஒன்று டேனிஸ்கோ, ஒன்று பீட் விவசாயிகள் சங்கம், ஒன்று ஆராய்ச்சிக் குழு. உண்மையில் பயன்பட்ட முறையில், மூன்றில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் கதை கந்தல். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவியை வெவ்வேறு ஆட்களிடம் கொடுப்பதில்லையா, அதே யோசனை. கம்பெனியும் சங்கமும் ரகசியமாகக் கைகோப்பது நடக்கிற காரியமா என்ன!

சுமார் 1,200 விவசாயிகள் கலந்துகொண்டு, 25,000 டன்னுக்கான உரிமை கைமாறியது. பெரிய அளவில் இந்தக் கணிதம் நிஜ வியாபாரத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சி.பாண்டுரங்கன் இதே துறையில் ஒரு மாணவர் கூட்டத்தையே உருவாக்கினார். அவரிடம் முனைவர் பட்டம் வாங்கிய அர்பிதா பத்ரா, ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி செய்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். பல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளின் விவரங்களை ஒன்றுக்கொன்று காட்டாமலே, எல்லாவற்றையும் வைத்து ஒரு கம்ப்யூட்டரைப் பழக்க முடியுமா என்பது மாதிரியான கேள்விகள் அவருடைய குழுவுக்கு. முடியும் என்று தெரியும். நேரம்தான் சிக்கல். டென்மார்க்கில் அன்று 1,200 பேர் கணக்குக்கே அரை மணி நேரம் ஆனது.