அப்பாரு துப்பாக்கியின் நீலம்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே திருமூர்த்திமலைப் பக்கம் போனா, தென்னந்தோப்புக்கு நடுவுல ஒரு தோட்டத்துச் சாளை இருக்குன்னு வெச்சுக்கோங்க. உள்ளே இரும்பு பீரோ. அதுக்குள்ள துணி சுத்தின ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. காட்டுப்பன்னி பயிரை அழிக்குதுன்னு அப்பாரு காலத்துல லைசென்ஸ் வாங்கினது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். வாரக்கணக்கில் அங்கே கிடந்து, திரும்பி வரும்போது குழல் மேல சிவப்பா நாலு துருப்புள்ளி.

பேரன் சொல்றான்: "அப்பாரு, நல்லா பாலிஷ் போட்டு, புதுசா நீலம் ஏத்திடலாங்க."

அவசரப்படாதப்பா. இன்னைக்கு எபிசோடே அதுதான்.

முதல்ல, அந்த நீலம் என்ன? பெயின்ட் இல்ல, முலாமும் இல்ல. அதுவும் ஒரு வகைத் துருதான். இரும்பு ஆக்சிஜனோடு சேர்வதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, நமக்குத் தெரிஞ்ச செந்துரு. உதிரும், ஈரத்தை உள்ளே விடும், இரும்பைத் தின்னும். இன்னொன்று, காந்தக்கல்லில் இருக்கும் அதே கருப்பு ஆக்சைடு. அது இரும்போடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்கும். நீலமேற்றுறதுன்னா, இந்தக் கருப்புத் துருவை ரொம்ப மெல்லிசா, வேணும்னே வளர்க்கிறது. வெளிச்சம் படும்போது அது கருநீலமா மினுங்கும்.

பழைய முறை ரொம்பப் பொறுமையானது. குழலைச் சுத்தம் பண்ணி, அமிலக் கரைசல் தடவி, ஈரமான இடத்தில் வைத்தால் மெல்லிய செந்துரு வரும். அதைக் கொதிக்கும் நீரில் போட்டால் சிவப்பு கருப்பா மாறும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து. இப்படிப் பல சுற்று, பல நாள். 20-ஆம் நூற்றாண்டில் சுடுகரைசல் முறை பரவியது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கவிட்டு, அதில் முக்கி எடுப்பது. அரை மணி நேரத்தில் வேலை முடிஞ்சுடும். அந்த நைட்ரேட் நமக்குப் புதுசு இல்ல. தமிழ்நாட்டில் உப்பிலியர் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்த வெடியுப்பும் அதே குடும்பம்தான்.

ஆனா, நம்ம இரட்டைக்குழலுக்கு அந்த வேகமான வழி ஆகாது. இரண்டு குழலும் ஈயப்பற்றால் ஒட்டியிருக்கும். சுடும் காஸ்டிக் அந்தப் பற்றை அரிச்சுடும். பழைய இரட்டைக்குழலுக்குப் பொறுமையான முறைதான் சரி.

சரி, இதுல வரலாறு எங்கே வருது?

அதே திருமூர்த்திமலை வழியில் இருக்கும் தளிக்குப் போவோம். அங்கே பாளையக்காரரா இருந்தவர் எத்தலப்ப நாயக்கர். கம்பெனி அனுப்பின தூதனைத் தூக்கில் போட்டவர்னு இந்தப் பக்கம் இன்னைக்கும் சொல்வாங்க. பாளையக்காரர் போர் முடிஞ்சதும், 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்படணும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்படணும். அதுவரை ஊர்க்காவலுக்கு ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருந்தது வழக்கம். அது அன்றையிலிருந்து குற்றம்.

அடுத்து 1878, லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் வந்த புதுச் சட்டம் அந்த இனப் பாகுபாட்டை எடுத்தது, லைசென்ஸை எடுக்கல. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இருநூறு வருஷமா அரசாங்கம் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கு? பதில் இரண்டு இடத்தில் இருக்கு. ஒன்று லைசென்ஸ் புத்தகம். இன்னொன்று குழல் மேலேயே பொறிச்ச எண்ணும் முத்திரையும். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய துப்பாக்கின்னா, பர்மிங்காம் சோதனை நிலையத்தின் குறி இருக்கலாம். 1813-இல் தொடங்கின இடம் அது. வழக்கத்தைவிடக் கூடுதலா மருந்து போட்டு வெடிச்சுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் குறி குத்துவாங்க.

இப்ப பேரன் கேட்ட பாலிஷுக்கு வருவோம். நீலம் எவ்வளவு அழகா ஏறும்ங்கிறது, அதுக்கு முன்னாடி போடும் பாலிஷில்தான் இருக்கு. துருக்குழி போகணும்னு சக்கரத்தில் வெச்சு அழுத்தித் தேய்ச்சா, ஓரங்கள் மழுங்கும், செதுக்கின பூவேலை மங்கும், எண்ணும் தேய்ஞ்சு போயிடும். 1959 சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதைப் பத்தித்தான் பேசுது. அடையாள எண்ணை அழிப்பது குற்றம். அதைவிட முக்கியம், எண் அழிந்த துப்பாக்கி உங்க கையில் இருந்தால், அழிச்சது நீங்கதான்னு சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு உங்களுக்கு.

5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்த்துக் கொடுப்பதைத் தொழிலாச் செய்யவும் லைசென்ஸ் வேணும். பட்டறையில் தெரிஞ்ச அண்ணன் இருக்கார்னு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இல்லைங்க இது.

அப்போ பேரன் என்ன பண்ணலாம்? நாலு புள்ளிதான்னா, எண்ணெய் தொட்டு மெல்லிய இரும்புப் பஞ்சால் லேசா துடைச்சாலே பெரும்பாலும் போதும். அதுக்கும் போகலைன்னா, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரரிடம் போகணும். கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எண்ணையும் முத்திரையையும் போட்டோ எடுத்து, லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, "கையால பாலிஷ் போடுங்க, எழுத்து மேல கை வைக்காதீங்க"ன்னு சொல்லிக் கொடுக்கணும். இன்னொண்ணு, லைசென்ஸ் பேரனுக்குத் தானா வந்துடாது. 2016 விதிகள்படி, அப்பாரு 70 வயசைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசு பேருக்கு விண்ணப்பிக்கலாம். நீலம் ஏத்துறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை அது.

குழல் நடுவுல ஒரு பக்கம் நீலம் மங்கி, வெள்ளையா பளபளக்குதா? தோட்டத்துக்குள்ள நடக்கும்போது அப்பாரு இடது கையால் பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ஞ்ச இடம் அது. அதுல துரு இல்லைன்னா எண்ணெய் மட்டும் போட்டு அப்படியே விட்டுடுங்க. அது அவர் கை வெச்ச இடம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். வரோமுங்க.