சலிப்பு தீர்வதும் கற்பதும் ஒன்றா? ‘தி ஃபேன்டம் டோல்பூத்’ நாவலின் மணற்குவியல் காட்சி

நார்ட்டன் ஜஸ்டரின் ‘தி ஃபேன்டம் டோல்பூத்’ (1961) நாவலைப் பற்றி ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. எதிலும் மனம் ஒட்டாத சிறுவன் மைலோ ஒரு சுங்கச்சாவடி வழியாக மாய உலகுக்குள் போகிறான். அங்கே காணும் விந்தைகளால் சலிப்பு தீர்கிறது. கற்றலின் இன்பம் கிட்டுகிறது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல், பாடத்தைக் கற்பனையில் குழைத்துக் கொடுத்த நூல் என்று இதைப் பாராட்டுவோர் பலர். அவர்கள் முதன்மைச் சான்றாகக் காட்டுவது டோல்ட்ரம்ஸ் காட்சியை. சிந்திப்பது சட்டவிரோதமான அந்தச் சோம்பல் நிலத்தில் மைலோவின் கார் நின்றுவிடுகிறது. காவல்நாய் டாக்கின் சொல்கேட்டு அவன் சிந்திக்கத் தொடங்கியதும் கார் நகர்கிறது.

ஆனால் அங்கே அவன் எதைச் சிந்திக்கிறான்? நீந்தும் பறவைகள், பறக்கும் மீன்கள், நேற்றைய மதிய உணவு, நாளைய இரவு உணவு, 3இல் முடியும் எண்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, எந்தக் கேள்விக்கும் விடையாகாதவை. கார் நகர அவையே போதுமானவையாக இருக்கின்றன. மனம் விழித்துக்கொண்டதற்கு இக்காட்சி சான்றாகலாம், கற்றலுக்குச் சான்றாகாது.

சான்று வேறிடத்தில் இருக்கிறது. அறியாமை மலைகளில் மைலோ, டாக், உடன்வரும் ஹம்பக் ஆகிய மூவரையும் நேர்த்தியாக உடுத்திய ஒரு கனவான் எதிர்கொள்கிறான். அவன் முகத்தில் கண்ணோ மூக்கோ வாயோ கிடையாது. அவன் கேட்பது சின்னச் சின்ன உதவிகள்தாம். மைலோவிடம் ஓர் இடுக்கியைக் கொடுத்து மணற்குவியலை ஒவ்வொரு துகளாக இடம் மாற்றச் சொல்கிறான். டாக்குக்குச் சொட்டு மருந்துக் குழாயால் கிணறு இறைக்கும் வேலை. ஹம்பக்குக்கு ஊசியால் பாறையைக் குடையும் வேலை. மூவரும் மணிக்கணக்கில் உழைக்கிறார்கள்.

அப்போது மைலோவுக்கு ஓர் எண்ணம் வருகிறது. இவ்வளவு நேரம் உழைத்தும் களைப்பில்லை, பசியில்லை, இப்படியே என்றென்றும் செய்துகொண்டிருக்கலாம் போலிருக்கிறது. மேற்சொன்ன வாசிப்பு இந்த ஒரு வரியைத் தாங்காது என்பதே என் வாதம். சலிப்பு நீங்குவதுதான் குணமடைவதற்கு அடையாளம் என்றால், மைலோ குணமடைந்த இடம் இதுதான். அவனிடம் சலிப்பின் சுவடே இல்லை, வேலையில் ஒன்றிப்போயிருக்கிறான். அவ்வாறு ஒன்றியிருக்கும் நேரத்தில்தான் அவன் ஓர் அரக்கனின் பிடியில் இருக்கிறான். அற்ப வேலைகளின் அரக்கனான டெரிபிள் ட்ரிவியம்தான் அந்தக் கனவான். சலிப்பு தீர்வதையும் கற்பதையும் ஜஸ்டர் இங்கே தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறார்.

பிடி தளர்வது எப்படி என்பது இன்னும் முக்கியம். இந்த வேலை முடிய எவ்வளவு காலமாகும் என்று அறிய மைலோ விரும்புகிறான். கணித மாயவித்தகன் மேத்தமஜீஷியன் முன்பு தந்த மாயப் பென்சிலை எடுத்துக் கணக்கிடுகிறான். விடை: 837 ஆண்டுகள். அதற்குப் பிறகுதான் இந்த வேலை தேவைதானா என்ற ஐயத்தை அவன் வாய்விட்டுச் சொல்கிறான். நாவலின் தொடக்கத்தில் இதே சிறுவன், டர்னிப் கிழங்குகளிலிருந்து டர்னிப் கிழங்குகளைக் கழிப்பதால் என்ன பயன் என்று சலித்துக்கொண்டவன்; அறிவைத் தேடுவதே காலவிரயத்திலெல்லாம் பெரியது என்று எண்ணியவன். இப்போது ஆசிரியரோ தேர்வோ இல்லை. கணக்கு அவனுடையது, அதில் வரும் காலமும் அவனுடைய வாழ்நாள்.

பென்சிலை நினைவூட்டியது டாக்தானே என்று கேட்கலாம். டாக் காட்டியது கருவியை மட்டுமே, கேள்வி மைலோவினுடையது. பென்சிலின் மாயம்தான் கணக்கிட்டது என்ற மறுப்பும் நிற்காது. கணக்கிட்டவன் மைலோ என்றே நூல் சொல்கிறது. இக்காட்சியை நாவலின் மையமாக ஜஸ்டர் திட்டமிட்டார் என்று நான் கூறவில்லை. நூலே போதும்.

இறுதி அத்தியாயம் என் வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. வாரக்கணக்கில் பயணம் செய்ததாக எண்ணித் திரும்பும் மைலோ, கழிந்தது ஒரு மணி நேரமே என்று அறிகிறான். மறுநாள் சுங்கச்சாவடி மறைந்துவிடுகிறது. சிறிது வருந்துகிறான். பிறகு தன் அறையிலேயே செய்வதற்கு எவ்வளவோ இருப்பதைக் கண்டு, இன்னொரு பயணத்துக்கு நேரம் எப்போது கிடைக்குமோ என்கிறான். இதை வெறும் உற்சாகம் என்று படிப்பது மேலோட்டமானது. பொழுது போகாமல் தவித்தவன் இப்போது தன் பொழுதுக்குக் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கை அவன் போடத் தொடங்கியது மணற்குவியலின் அருகில்தான்.

கற்பனை சலிப்பைப் போக்கும், சலிப்பு போனால் கல்வி வரும் என்று சொல்ல இந்நாவலை மேற்கோள் காட்டுவோர், மணற்குவியல் காட்சிக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.