மண்ணில் புதைத்த ஏடுகள்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், சமுதாய இளைஞர்களுக்கு வரலாற்றுப் பாடம் ஒன்றைக் கூற விழைகின்றோம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் கோடைக் காலங்களில் இளம் ஆய்வாளர்களை ஒன்றுகூட்டி, யூதர் வரலாற்றையும் அம்மக்கள் மீது நிகழ்த்தப்பட்ட இனப்படுகொலையையும் பயிற்றுவித்து வந்துள்ளனர். எங்கோ நிகழ்ந்த துன்பம் நமக்கெதற்கு என்று எண்ணற்க.

1933இல் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த நாஜிகள் எடுத்த எடுப்பிலேயே கொலையில் இறங்கவில்லை. முதலில் யூதர்களை அரசுப் பணியினின்று நீக்கினர். 1935இல் குடியுரிமையைப் பறித்து, பிறரோடு மணவுறவு கொள்வதையும் சட்டத்தால் தடுத்தனர். பின்னர் தனிச்சேரிகளில் அடைத்தனர். போலந்து நாட்டு வார்சா நகரில் மட்டும் 1940 நவம்பரில் நான்கு லட்சம் பேர் மதிலுக்குள் அடைபட்டனர். முடிவில் ஐரோப்பாவெங்கும் ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். பணி, மணம், குடியிருப்பு என்னும் இவ்வொதுக்கலின் படிகளைப் படிக்குங்கால் நம் முன்னோர் வாழ்வு நினைவுக்கு வாராதிராது.

அவ்வார்சாச் சேரியில் இமானுவேல் ரிங்கல்பிளம் என்னும் வரலாற்றாசிரியர் இருந்தார். பசியும் நோயும் சூழ்ந்த நிலையிலும் அவர் ஆசிரியர், எழுத்தாளர் முதலியோரைச் சேர்த்துக்கொண்டு நடந்தவற்றை எல்லாம் மறைவாகப் பதிவு செய்தார். உணவுப் பங்கீட்டு அட்டை, சுவரொட்டி, பிள்ளைகள் எழுதிய கட்டுரை, மிட்டாய் உறை என எதனையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். 1942இல் ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில் புதைத்தவர் ஓர் ஆசிரியர். அவருக்குத் துணைநின்ற இளைஞர் இருவரும் இருபது வயதை எட்டாதவர்கள். 1944இல் ரிங்கல்பிளம் கொல்லப்பட்டார். ஆனால் 1946இல் பெட்டிகளும், 1950இல் பால் கேன்களும் தோண்டி எடுக்கப்பட்டன. மாண்டவர்கள் ஏடுகளின் வாயிலாகச் சாட்சி கூறினர்.

தமிழகத்திலும் தீ எரிந்ததுண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி நெல் உயர்வு கேட்டுப் போராடிய நம் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வார்சாவும் வெண்மணியும் அளவில் ஒன்றல்ல. ஆயினும், மைதிலி சிவராமன் போன்றோர் நேரிற்சென்று கண்டு எழுதினர். வழக்கு தோற்றது, எழுத்து தோற்கவில்லை.

எழுத்தின் வலிமைக்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. திருவள்ளூரும் பொன்னேரியும் அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர், நம் மக்களின் நிலைகுறித்து 1891இல் அறிக்கை எழுதினார். அதன் பயனாகவே 1892இல் நமக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழக்காடுவது அதனையே. ஆனால் அவ்வறிக்கையை எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். நம் பாட்டனார் கைப்பட எழுதியது எங்கே?

வகுப்பில் பாட்டன் பெயர் கேட்டால் சொல்லும் மாணவர், பூட்டன் பெயர் கேட்டால் தலைகுனிவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டாரத்தில் கழனிகள் தொழிற்சாலைகளாயின. ஷிப்டு முடிந்து களைத்து வரும் இளைஞனுக்குத் திண்ணையில் அமர்ந்துள்ள பாட்டியிடம் பேச நேரமில்லை. அவரோடு ஊரின் வரலாறும் போய்விடும்.

ஆதலின் இளைஞர்காள்! வருகின்ற கோடையில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எத்தனை மரக்கால் கூலி பெற்றனர், எந்த நிலம் எவரிடமிருந்து எவ்வாறு போயிற்று, பள்ளிக்கு முதலில் சென்றவர் யார் என்று முதியோரிடம் கேட்டு, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து எழுதுங்கள். கேட்டதை மட்டுமே எழுதுங்கள். கூட்டவும் குறைக்கவும் வேண்டா. ஒரு படியைச் சங்கத்து அலமாரியில் சேர்ப்பியுங்கள். வார்சா இளைஞர்கள் ஏடுகளை மண்ணுக்குள் புதைக்க நேர்ந்தது. நமக்கோ அந்நிலை இல்லை, வெளிச்சத்திலேயே எழுதலாம். அதனையும் செய்யாதொழிந்தால், பொன்விழா காணும் தலைமுறைக்கு நாம் என்ன விடை கூறுவோம்?