அத்தோ, பேஜோ, மொய்ங்கா: பர்மா சாப்பாடு வடசென்னைத் தள்ளுவண்டிக்கு வந்தது எப்படி? யானைக்கவுனியில் இருந்து ஒரு மாலை நடை

சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்குறீங்க. அடுத்த வண்டிக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. பசிக்குது. பெரும்பாலானவங்க ஸ்டேஷன் எதிரே இருக்கிற ஓட்டலில் ஒரு மீல்ஸோடு முடிச்சுக்குவாங்க. ஆனால் ஸ்டேஷனை ஒட்டிப் போகும் வால்டாக்ஸ் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் யானைக்கவுனி. அங்கிருந்து கிழக்கே துறைமுகம் வரை ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்துக்குள் ராஜஸ்தானும் வரும், குஜராத்தும் வரும், கடைசியில் பர்மாவும் வரும்.

கவுனி என்றால் கோட்டை வாசல். பழைய கருப்பர் நகரத்தைச் சுற்றி 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதில் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. பக்கத்துச் சாலையின் 'வால்டாக்ஸ்' என்ற பெயரும் அதே மதிலுக்கான வரியில் இருந்து வந்ததுதான்.

யானைக்கவுனி தெருவில் கிழக்கே போனால் தங்கசாலைத் தெரு, அதாவது மின்ட் ஸ்ட்ரீட். இது சௌகார்பேட்டை. மார்வாடி, குஜராத்தி குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் என்பதால் ஜிலேபி, கச்சோரி, பாதாம் பால் எல்லாம் இங்கே தினசரிச் சமாச்சாரம். ரொட்டிக்குப் பதில் ரெண்டு முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, சட்னி வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்க. 'ஜெயின்' என்று சொல்லி வாங்குறவங்களைப் பார்ப்பீங்க. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வேண்டாம் என்று அர்த்தம். வயிற்றில் இடம் விடுங்க, ஒன்று போதும்.

அடுத்து என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகக் கிழக்கே பாரிமுனை. அங்கே இடது பக்கம் திரும்பினால் ராஜாஜி சாலையில் பர்மா பஜார். அதற்கு இணையாக உள்ளே ஓடும் செகண்ட் லைன் பீச் சாலைதான் நாம் தேடி வந்த இடம். மாலை இருட்டும் நேரத்தில் வண்டிகளில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும்.

பர்மாவில் இருந்து யார் கொண்டு வந்தாங்க?

தமிழர்கள்தான். ஆங்கிலேயர் காலத்தில் ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் ஐராவதி டெல்டா வயல்களிலும் வேலைக்குப் போனவங்க ஏராளம். வட்டித் தொழிலுக்குப் போன செட்டியார்கள் தனி. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்தே இந்தியா திரும்பினாங்க. வழியிலேயே இறந்தவர்கள் பல ஆயிரம்.

போர் முடிந்து மறுபடி அங்கே போய் வேரூன்றியவர்களுக்கு 1962-ல் அடுத்த அடி விழுந்தது. மார்ச் 2-ம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ரெண்டே வருஷத்தில் கடைகளும் தொழில்களும் தேசியமயம் ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடையும் போய், சேர்த்து வைத்த பணமும் காகிதமானால் அந்த ஊரில் என்ன செய்ய? சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினாங்க. கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கியவர்களிடம் இருந்தது சில துணிமணிகள்தான். அரசுக் கோப்புகளில் அவங்க பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஆனால் அதில் பலர் பிறந்ததே பர்மாவில்!

வியாசர்பாடி, எண்ணூர் பக்கம் குடியிருப்புகள் உருவாயின. துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் பர்மா பஜார் வந்தது. கடை போட முதல் இல்லாதவங்களுக்குக் கைகொடுத்தது சமையல். அங்கே தெருமுனையில் தின்று வளர்ந்த பண்டம், இங்கே பிழைப்பானது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் கையால் கலந்து பிசைந்தது. நூடுல்ஸுக்கு அங்கே 'கௌஸ்வே' என்று பெயர். அப்படிப் பார்த்தால் நம்ம வண்டியில் கிடைப்பது 'கௌஸ்வே அத்தோ'. சென்னையில் பாதிப் பெயர் உதிர்ந்துவிட்டது. 'பெ' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. ரெண்டும் சேர்ந்ததுதான் பேஜோ, பார்க்க நம்ம தட்டை மாதிரி. மொய்ங்கா என்பது பர்மாக்காரர்களின் காலை உணவு. மீனும் வாழைத்தண்டும் போட்ட குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவாங்க.

செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் பர்மாவில் இருந்து வந்ததாகத்தான் சொல்றாங்க. யானைக்கவுனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்கிறவங்க இருக்காங்க, அதனால சொல்லிடறோம்.

எப்படி ஆர்டர் பண்ணணும்?

"அண்ணே, ஒரு அத்தோ" என்றால் போதும். ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ், பொடியாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, உப்பு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி எல்லாம் விழும். மேலே பேஜோவை நொறுக்கிப் போட்டு அப்படியே கையால் பிசைவாங்க. அடுப்பில் வதக்குவது கிடையாது. சூடாக வேணும்னா 'ஃப்ரை அத்தோ' கேளுங்க, அது கல்லில் முட்டையோடு கொத்தி வரும். எங்க கேட்டால், முதல் தடவை பிசைஞ்சதுதான் சாப்பிடணும். புளிப்பும் மொறுமொறுப்பும் அதில்தான் தெரியும்.

பக்கத்தில் ஒரு கப் வாழைத்தண்டு சூப் வைப்பாங்க. பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு கிடையாது. மொய்ங்கா குழம்பின் நெருங்கிய சொந்தம் அது. கொஞ்சம் குடிங்க, கொஞ்சத்தை அத்தோவில் ஊற்றிக்குங்க. ரெண்டு மாதிரியும் சாப்பிடுறவங்க உண்டு.

முட்டை மசாலா தனி அயிட்டம். அவிச்ச முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாயும் அடைச்சு, புளித்தண்ணி விட்டுத் தருவாங்க. அதை ஒரே வாயில் போடணும். கடிச்சுச் சாப்பிட்டால் சட்டை காலி.

சைவம் சாப்பிடுறவங்க ஒன்றைக் கவனிங்க. பர்மாவில் இதில் மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் சேர்ப்பது சகஜம். சென்னையில் அதை விட்டுவிட்ட வண்டிகள் நிறைய. ஆனாலும் சூப்பில் என்ன இருக்கு, பிசையும் கிண்ணத்தில் முட்டை பட்டதா என்று கேட்டுட்டு வாங்குங்க. வேர்க்கடலை ஒத்துக்காதவங்களும் முதலிலேயே சொல்லிடணும். சுகாதாரம்? சூப் கொதிக்கிற வண்டி, கையுறை மாட்டிப் பிசையும் ஆள், வேகமாகக் காலியாகும் குவியல். இது மூணும் இருந்தால் தைரியமாக நிற்கலாம். வெட்டி ரொம்ப நேரம் ஆன கோஸ் வாடிப்போய் இருந்தால் அடுத்த வண்டிக்குப் போங்க.

வண்டி அதே இடத்தில் இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. சாலைப் பணி, ஆக்கிரமிப்பு அகற்றம் என்று எது நடந்தாலும் முதலில் நகர்வது தள்ளுவண்டிதான். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நிற்கும் அந்த நாலடி இடத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் பிடிமானம்.

இதே கதையின் மறுபாதி மணிப்பூரில் இருக்கிறது. சென்னை வாழ்க்கை ஒட்டாமல், தரை வழியாக மீண்டும் பர்மாவுக்கே போகக் கிளம்பிய தமிழர்கள் சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்ற ஊரில் தங்கிவிட்டாங்க. அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. அந்த ஊரில் தேடிப் போய்ச் சாப்பிட வேண்டிய பண்டம் இட்லி, தோசை!

எப்போது போகலாம்? மாலை 5 மணிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக் கடைகள் பல மூடியிருக்கும், அன்று வண்டிகளும் குறைவாக இருக்கலாம். சில்லறையும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும். சாப்பிட்டுத் திரும்ப, கடற்கரை ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான்.