பட்டமா, பின்புலமா?: 1930களின் பிரித்தானியாவில் புலம்பெயர்ந்த கட்டடக்கலைஞர்களின் தொழில் உரிமை

முன்னுரை

1933இல் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த நாஜிகள், கலைத்தொழில்கள் அனைத்தையும் அரசு மன்றங்களின்கீழ்க் கொணர்ந்தனர். மன்ற உறுப்பினரல்லாத கட்டடக்கலைஞர் தொழில்புரிய இயலாது என்றாயிற்று. யூதர்கள் அவ்வுறுப்புரிமையை இழந்தனர். இச்சூழலில் கலைஞர் பலர் பிரித்தானியாவை நாடினர். அங்கு அவர்களின் தொழில் உரிமையை உறுதிசெய்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவுச் சட்டங்கள்

பிரித்தானியாவின் 1931ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடக்கலைஞர் பதிவு மன்றத்தை நிறுவியது. ஆயினும் அது ‘பதிவுபெற்ற கட்டடக்கலைஞர்’ என்னும் பெயருக்கு மட்டுமே காப்பளித்தது. ‘கட்டடக்கலைஞர்’ என்னும் பெயரையே வரையறைக்குட்படுத்தியது 1938ஆம் ஆண்டுச் சட்டமாகும். இவ்விரு சட்டங்களும் காத்தது பெயரையே. கட்டடம் வரையும் தொழிலை அவை தடைசெய்யவில்லை. எனவே, வந்தவர்களுக்கு உண்மையான தடை பதிவேட்டில் இல்லை. அயல்நாட்டார் தங்கித் தொழில்புரிய அரசிடம் பெறவேண்டிய அனுமதியில் இருந்தது.

கூட்டாண்மை

பிரித்தானியக் கலைஞர் ஒருவருடன் கூட்டாண்மை அமைப்பதே அவ்வனுமதிக்குரிய வழக்கமான வழியாயிற்று. 1934இல் லண்டன் வந்த வால்டர் குரோப்பியஸ் மேக்ஸ்வெல் ஃபிரையுடனும், மார்செல் புராயர் எஃப்.ஆர்.எஸ். யார்க்குடனும், எரிக் மெண்டல்சோன் செர்ஜ் செர்மயெஃப்புடனும் இணைந்தனர்.

இவற்றுள் மூன்றாவது இணை கருதத்தக்கது. மெண்டல்சோன் பெர்லினிலும் மியூனிக்கிலும் கட்டடக்கலை பயின்றவர். போட்ஸ்டாமின் ஐன்ஸ்டீன் கோபுரத்தால் முன்பே புகழ்பெற்றவர். செர்மயெஃப்போ இத்துறையை முறையாகப் பயிலாதவர்; ரஷ்யப் பேரரசில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். பயின்றவருக்குப் பயிலாதவர் துணைநிற்க, பெக்ஸ்ஹில் கடற்கரையில் டி லா வார் மண்டபம் 1935இல் திறக்கப்பெற்றது. கூட்டாண்மை வழியே எடைபோடப்பட்டது கல்வித் தகுதியன்று, உள்நாட்டுப் பின்புலமே என்பதற்கு இஃது தக்க சான்றாகும்.

இம்முறை கட்டடங்களின் ஆசிரியத்துவத்தையும் பாதித்தது. குரோப்பியஸ், ஃபிரை இருவர் பெயரிலும் அறியப்படும் இம்பிங்டன் கிராமக் கல்லூரி, குரோப்பியஸ் 1937இல் ஹார்வர்டு சென்ற பின்னரே கட்டப்பெற்று 1939இல் திறக்கப்பெற்றது. எனினும் வரலாற்று நூல்களில் அவர் பெயரே முன்னிற்கிறது. கட்டுமானக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்து பொறுப்பேற்ற ஃபிரையின் பெயர் பின்தள்ளப்படுகிறது.

முடிவுரை

அயல்நாட்டில் பயின்றோரின் தொழில் உரிமையைப் பதிவுச் சட்டங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. குடிவரவு நிபந்தனைகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், ஒரு கட்டடத்தின்மேல் உள்ள இரட்டைப் பெயர் கலை உறவை மட்டுமன்றி, தொழில்புரிவதற்கான நிபந்தனையையும் குறிக்கக்கூடும் என்பது புலனாகும்.