கொறங்காடும் குடியானவர் கட்டுத்தரையும்

கொங்குநாட்டுக் கால்நடையின் பெருமையைப் பேசப் புகுவோர் பலரும் காங்கயக் காளையின் திமிலையும் கொம்பையும் வருணித்து அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தையோ அரசாங்கத்தாராலும் பாராட்டப்பெற்றது. அக்குடும்பத்தார் பொலிகாளைகளைத் தேர்ந்து வளர்த்து அவ்வினத்தைச் சீர்செய்தமை மெய்யே; அப்புகழைக் குறைத்தல் எம் கருத்தன்று. ஆயினும், நாலு மாடும் பத்து ஆடும் வைத்துக்கொண்டு வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த சிறு குடும்பத்தாரின் அன்றாட உழைப்பன்றோ அவ்வினத்தைத் தலைமுறை தலைமுறையாக நிலைபெறச் செய்தது? அவ்வுழைப்பின் வரலாற்றை நம் அன்பர் முன் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

கொங்கர் ஆநிரையால் அறியப்பட்டமை சங்க காலத்திலேயே உள்ள செய்தி. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்திற் பாலைக் கௌதமனார், வன்னிலத்தைக் கணிச்சியால் உடைத்துத் தோண்டிய குழியிற் சிறிதே ஊறிய நீரைக் கயிறு கட்டிய முகவையால் முகக்க, அதனை ஆக்கள் மொய்த்து நிற்கும் காட்சியைக் கூறிக் கொங்கரைக் குறிப்பர். எட்டாம் பத்தில் அரிசில்கிழார் சேரனுடைய யானைகளுக்குக் கொங்கரின் ஆக்கள் பரந்து செல்லுதலை உவமையாக்கினர். ஆவுக்கு யானையை உவமித்தல் எளிது. யானைக்கு ஆவை உவமிக்கும்படி அந்நிரை இருந்ததென்பதே நாம் நோக்கத்தக்கது. நீர் குறைவு, ஆ மிகுதி: கொங்குநாட்டுக் கால்நடை வாழ்வின் முடிச்சு இவ்விரண்டிலுமே உளது.

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் ஆகிய ஊர்கள் முன்னாளிற் கோயமுத்தூர் ஜில்லாவைச் சார்ந்திருந்து, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்துள் அடங்கின. இப்பக்கத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டரே. பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிற் பெய்து ஓய்ந்துவிடும். சரளை கலந்த மண்ணில் நெல்லும் வாழையும் எங்ஙனம் விளையும்? ஆகவே நம் முன்னோர் நிலத்தின் ஒரு பகுதியைப் புல்லுக்கென்றே ஒதுக்கினர். அதுவே கொறங்காடு. குறுங்காடு என்பதே இவ்வாறு மருவிற்றெனக் கொள்ளுதல் பொருந்தும். கீழே கொழுக்கட்டைப்புல், மேலே இடையிட்டு நிற்கும் வெள்வேல மரம், சுற்றிலும் முட்கிளுவை வேலி என மூன்றும் சேர்ந்தது கொறங்காடு.

இவற்றுள் வேலியே தலையாயது. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேர்கொண்டு தழைத்து, சில ஆண்டுகளில் ஆடும் நுழையாத அரணாகும். ஆண்டுதோறும் கழித்துக் கோலி, இடைவெளி கண்டவிடத்துப் புதிய போத்து நடவேண்டும். அவ்வளவே செலவு. பெரிய காட்டைக் குறுக்கு வேலியாற் பல துண்டாக்கி, ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றைத் தழையவிடுவர். படலைச் சார்த்திவிட்டால் மாட்டின் பின் ஒருவர் அலைய வேண்டுவதில்லை. ஆள்பலம் குறைந்த குடும்பம் மாடு வைத்து வாழ முடிந்ததன் காரணம் இதுவே. மேய்ப்பவனுடைய வேலையை வேலி செய்தது. வீட்டார் வேறு வேலை செய்தனர்.

அவ்வேறு வேலை யாருடையது என்பதைச் சரித்திரக்காரர் எழுதியிலர். விடியுமுன் எழுந்து கட்டுத்தரையிற் சாணம் வாரிக் குப்பைமேட்டிற் சேர்ப்பவர் வீட்டுப் பெண்டிர். கன்றை ஊட்டவிட்டு மடி சுரந்தபின் கறப்பவரும் பெரும்பாலும் அவரே. காங்கயப் பசு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேற் கறப்பது அரிது. அதிலும் காளைக்கன்றாயின் மடியிற் சற்று மிகுதியாக விட்டுவைப்பது எம் பாட்டியார் வழக்கம். கன்றுக்கு மிஞ்சியதே வீட்டிற்கு! அதன்பின் மாடுகளைக் காட்டுக்குள் விட்டுப் படல் சார்த்தி, தொட்டியில் நீர் நிரப்பி, ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டுக்கல்லில் ஆட்டி எடுத்து மாலைக்கு ஆயத்தம் செய்வர். பொழுது சாய மாடு திரும்பும். கழுநீரும் பருத்திக்கொட்டைப் பாலும் வைத்து, போரிலிருந்து சோளத்தட்டு பிடுங்கிப் போட்டு, கன்றைத் தனியே பிணித்தபின்னரே அடுப்பு மூட்டுதல். கோடையிற் புல் காய்ந்துவிட்டால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாயிற்று. 1876-78 தாதுவருஷப் பஞ்சம் போன்ற காலங்களில் அதுவும் போதாமற் கால்நடை பெருவாரியாக மடிந்தமை வேறு கதை.

பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும் கன்று ஏறக்குறைய ஆறு மாதத்தில் மயிலை நிறம் பெறத் தொடங்கும். காளைக்கன்றை வளர்த்துக் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் விற்ற பணமே, கல்யாணத்திற்கும் கடனடைப்பதற்கும் கிணற்றை ஆழப்படுத்துவதற்கும் உதவிற்று. பால் வீட்டுக்கு, எரு காட்டுக்கு, காளை கைப்பணத்திற்கு என்பது கணக்கு.

அக்காளைகளை வாங்கியவர் யாவர்? ஏர் உழுவோரும், வண்டி ஓட்டுவோரும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கவலை இறைப்போருமாவர். ஆழ்ந்த கிணற்றிலிருந்து சாலை இழுத்துச் சரிவில் இறங்குவதும் பின்னேறுவதுமாக ஒரு சோடி எருது நாள்முழுதும் உழைக்கும். நிற்க, இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். அச்சாலின் தோல்வாலைத் தைத்தவர், கவலை வடத்தைத் திரித்தவர், சாலுக்கு இரும்பு வளையம் அடித்தவர், காட்டிற் கூலிக்கு உழைத்தவர் ஆகிய பலரும் நம் சங்கத்து அங்கத்தினர் அல்லர். தோல்வால் கிழிந்த அன்று காளையும் நின்றது, நம் வெள்ளாமையும் நின்றது. காங்கய மாட்டை ஒரு குலத்தின் உடைமையாகப் பேசும் மேடைப் பேச்சு எமக்கு உடன்பாடன்று.

1932-ஆம் ஆண்டிற் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலில் ஆலைகளைச் சேர்ந்த மின்சாரம், சுதந்திரத்திற்குப் பின் கிராமந்தோறும் கிணற்றடிக்கு வந்தது. கவலை ஓய்ந்தது. டிராக்டர் வந்தபின் ஏரும் பெரும்பாலும் ஓய்ந்தது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தோடு பால் பணமாயிற்று; பணத்திற்கு ஜெர்சிக் கலப்பே ஏற்றதாயிற்று. சிறு குடும்பம் அதனை நாடியதைக் குற்றமென்று யாம் கூறோம். கலப்புப் பசு எத்தனை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிற்றென்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள யாம் நேரில் அறிவோம்.

2014-இல் உச்ச நீதிமன்றம் ஏறுதழுவலைத் தடுத்தது. 2017 ஜனவரியில் இளைஞர் திரண்டு கிளர்ந்தபின் சட்டம் திருத்தப்பட்டது. அந்நாளிற் காங்கயக் காளையின் பெயர் நாடெங்கும் முழங்கிற்று. ஆயின் காளையை ஈன்ற பசுவையும், பசுவைப் புரந்த புல்லையும், புல்லைக் காத்த கிளுவையையும் பேசினார் மிகச் சிலரே. கொறங்காடு மனையாகப் பிரிக்கப்படும்போது முதலில் வீழ்வது வேலி. வேலி வீழ்ந்த காட்டில் மாட்டின் பின் ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். இரண்டு லிட்டர் கறக்கும் பசு அக்கூலியை ஈட்டாது. காளையைக் கொண்டாடும் கூட்டத்தால் இக்கணக்கு மாறிவிடவில்லை.

நம் அன்பருள் இன்னும் கொறங்காடு வைத்திருப்போர் அதன் பரப்பு, குறுக்கு வேலியின் எண்ணிக்கை, மேய்கின்ற ஆடு மாடு, கடைசியாக உழுது புல்விதை தூவிய ஆண்டு ஆகியவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி இவ்விதழுக்கு அனுப்ப வேண்டுகின்றோம். கட்டுத்தரை வேலை அறிந்த மூதாட்டியார் வீட்டில் இருப்பின், அவரைக் கேட்டு எழுதுக.